ஒரு காரணம் போதும்

பெங்களூரில் யாரும் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டார்கள். தமிழர்கள் 'பார்க்கலாம்' என்போம். கன்னடக்காரர்கள் 'நோடோணா' என்பார்கள். அதற்கும் பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். 'பண்டிகை முடியட்டும்', 'சார் ஊர்ல இல்ல', 'ஒரு போன் போட்டுட்டு வாங்க' எல்லாம் அதற்குப் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும். புரியாததுபோல் இரண்டு மூன்று நடை நடந்துவிட்டு, கால் வலித்ததும் நின்றுவிடுவார். இப்படிப்பட்ட ஊரில், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக 'இல்லை' என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜெர்மன் பெண்மணி பல வருஷம் இருந்தார். உதை வாங்காமல் இருந்தார் என்பது ஒரு ஆச்சரியம். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் நிர்வாகி. நான் அவருக்கு அடுத்த மேஜை. அட்மிஷன், வேன், ஆயாக்கள், தண்ணீர் லாரி எல்லாம் அவர் வழியாக என்னிடம் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமையானால் கண்டோன்மென்ட் பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்துவிடுவார். அதனால் எனக்கு அவரிடமிருந்து விடுமுறையே கிடையாது. பள்ளியில் அவர் மேடம், சபையில் ஜெர்மன் ஆன்ட்டி. பெயர் என்று ஒன்று இருந்தது. எங்கள் நாக்கு அதைப் படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ஆன்ட்டி போதும்" என்று அவரே நிறுத்திவிட்டார்.

நல்ல உயரம். கைத்தறிக் குர்தா, காலில் சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்பு. தலைமுடியை அவரே கத்தரித்துக்கொள்வார் என்பது பார்த்தாலே தெரியும். மத்தியானம் ரொட்டியில் எலுமிச்சங்காய் ஊறுகாய் தடவிச் சாப்பிடுவார். தமிழை இரண்டு இடத்தில் கற்றுக்கொண்டார்: வேதாகமத்திலிருந்து பாதி, பள்ளி ஆயாக்களிடமிருந்து பாதி. அதனால் ஒரே வாக்கியத்தில் 'மெய்யாகவே' என்பார், 'இன்னாத்துக்கு' என்றும் கேட்பார். எங்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் இருமுவதுபோல் சிரிப்பை மறைப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரசியல் பிரமுகர் ஒருவரின் ஆள் எல்.கே.ஜி. சீட்டுக்காக வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் இரண்டு போன், பின்னால் ஒரு ஆள், அந்த ஆளுக்குப் பின்னால் இன்னொரு ஆள். மேடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சீட் இல்லை," என்றார்.

"சரிங்க மேடம். எப்ப வரட்டும்?"

"வர வேண்டாம்."

"இல்ல, அடுத்த வாரம் ஒரு தடவ..."

"அடுத்த வாரமும் இல்லை. வகுப்பு நிறைந்துவிட்டது."

நான் என் மேஜைக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.  அந்த மனிதர் எழுந்து கும்பிட்டார். என் பக்கத்தில் வந்து நின்று, "இந்த ஊர்ல நான் ஏறாத ஆபீஸ் இல்லம்மா. ஒரே தடவையில வேல முடிஞ்சது இங்கதான்," என்றார். அதற்குப் பிறகு தெரிந்தவர்களையெல்லாம் எங்கள் பள்ளிக்கு அனுப்பினார். அவர்களிலும் பலருக்கு இல்லை என்றுதான் பதில். எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள்.

மேடத்தின் 'இல்லை'க்கு ஒரு இலக்கணம் இருந்தது. கேட்டால் ஒரு காரணம் சொல்வார். ஒன்றே ஒன்றுதான். "இரண்டாவது காரணம் சொன்னா, முதல் காரணம் பொய்ன்னு அர்த்தம்," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் அன்று காலையில்தான் வேன் கான்ட்ராக்டரிடம் ஐந்தாறு காரணம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வழி சொல்லி, கடைசியில் அவர் கேட்டதற்கே சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நம் ஊரில் கேட்காமல் இருக்க முடியுமா?

"ஒருத்தன் கேட்டான். இல்லைன்னேன்."

"காரணம், மேடம்?"

"ஒண்ணு இருந்தது," என்றுவிட்டு ஊறுகாய் பாட்டிலை மூடினார்.

சபையில் அவர் செய்த ஊழியமும் இதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் போதகர் சாமியைக் கேட்காமலே வரம் கொடுக்கிறவர். அவ்வளவு நல்ல மனுஷர். யார் எதைக் கேட்டாலும், "கர்த்தருக்குச் சித்தமானா பார்க்கலாம்" என்பார். கேட்டவர்கள் கர்த்தருக்கு எப்படியும் சித்தமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு போவார்கள். இப்படித்தான் ஒரு சனிக்கிழமை, சபை ஹாலில் இரண்டு கல்யாண விருந்து ஒன்றாக வந்து இறங்கியது. வாசலில் இரண்டு வேன். இரண்டு பிரியாணி அண்டா. இரண்டு மாப்பிள்ளை வீட்டார். போதகர் ஜெபிக்கப் போய்விட்டார்.

அன்று மேடம் பலிபீடத்துக்குப் பூ வைக்க வந்திருந்தார். ஹாலின் நடுவே பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்றார். இரண்டு வீட்டாரும் தங்கள் தங்கள் பக்கம் உட்கார்ந்து, அடுத்த பக்கத்துப் பிரியாணியை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு வீட்டார் தங்கள் பிரியாணியைவிட அது நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சமையல்காரர்மேல் கோபமாக இருக்கிறார்கள். அடுத்த வாரமே ஹால் சாவி மேடம் கைக்குப் போனது. போதகர்தான் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எந்தப் பிரசங்கத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் சபையார் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கறிவேப்பிலை கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல், ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். "ஆன்ட்டி, ஒரு 'இல்ல' சொல்லணும்." பாடகர் குழுவிலிருந்து விலக விரும்பிய பையனுக்கு ஒன்று. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு ஒன்று. தங்கம் அக்கா என்று ஒரு விதவை. வீட்டை விற்றுவிடச் சொல்லி அவருடைய கொழுந்தனார் வாராவாரம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒன்று. மேடம் எல்லாவற்றுக்கும் போவார். ஒரே ஒரு நிபந்தனை: "நான் சொல்றப்ப நீ பக்கத்துல நிக்கணும். ஓடக் கூடாது." தங்கம் அக்கா நின்றார். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார், ஆனால் நின்றார். கொழுந்தனார் அதற்குப் பிறகு கிறிஸ்மஸுக்கு மட்டும் வருகிறார்.

எங்கள் வீட்டுக்கும் மேடம் வந்தார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் ஸ்டீபன் ஆம்பூரிலிருந்து வந்து, வேலை கிடைக்கும்வரை தங்குகிறேன் என்றான். வேலை கிடைத்தது. அவன் போகவில்லை. தொம்மலூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு அறை. ஹாலில் அவன் படுத்திருப்பான், நாங்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போவோம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "தம்பிகிட்ட எப்படிச் சொல்றது?" என்பார். மாமியாரிடம் சொன்னால், "சொன்னா ஆம்பூர்ல என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சிக்கறது?" என்பார். நான் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும்.

மேடம் வந்தார். காபி குடித்தார். முறுக்கு நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று எடுத்துக்கொண்டார். பிறகு, "தம்பி, இந்த வீட்டுல உனக்கு இடம் இல்லை," என்றார்.

"ஏன் ஆன்ட்டி?"

"சின்ன வீடு."

ஸ்டீபன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். "ஆமா ஆன்ட்டி," என்றான். அடுத்த ஞாயிறு மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதிக்குப் போய்விட்டான். அங்கே ஜன்னல் பக்கம் கட்டில் கிடைத்திருப்பதாக முதலில் போன் போட்டது மேடத்துக்குத்தான்.

"அவங்க சொன்னா யாருக்கும் கோபம் வரல பாரு," என்றார் மாமியார், மேடம் வந்த அன்றைக்கே. "அதையே நீ சொல்லியிருந்தா ஒரு கல்யாணம் காட்சிக்கு வருவாங்களா? அவங்க என்ன, சொந்தமா பந்தமா? சொல்லிட்டுப் போயிடலாம்."

மாமியார் அடுப்படியிலிருந்து அதைச் சொன்னபோது, மேடம் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.  பஸ் ஸ்டாப்வரை கூடப் போனேன். "அத்தை சொன்னதத் தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்லை. எனக்கு இங்க உறவு இல்லை. அதனாலதான் எனக்கு இந்த வேலை," என்றார். பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகக் கை அசைத்தார். 

பள்ளி டிரஸ்ட்டின் தலைவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் நாலு தொழில் வைத்திருக்கிறார், பள்ளி ஐந்தாவது. கன்னடக்காரர், ஆனால் எங்களிடம் தமிழில்தான் பேசுவார். ஒரு நாள் வந்து, ஆயாக்களை நிறுத்திவிட்டு ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கலாம் என்றார். எல்லாப் பள்ளியிலும் இப்போது அப்படித்தானாம். ஏஜென்சி மாதாமாதம் ஆளை மாற்றித் தரும், நமக்குப் பொறுப்பு கிடையாது என்றார்.

எங்கள் ஆயாக்கள் பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர்கள். மூத்தவள் சரோஜா, ஒக்கலிபுரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி மெட்ரோ பிடித்து வருகிறவள். பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போகும்போது கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறும் பிள்ளைகளைச் சரோஜா தூக்கினால்தான் அழுகை நிற்கும். வேறு எந்த வித்தையும் அவளுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் தெரியும்.

"இல்லை," என்றார் மேடம்.

"ஏன் மேடம்?"

"பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியும்."

"நோடோணா," என்றார் தலைவர்.

ஆண்டு விழா நடந்தது. மேடத்துக்கு மாலை போட்டார்கள். அதற்குப் பிறகு, அவருடைய வேலை ஒப்பந்தத்தை இந்தத் தடவை நீட்டிக்கப் போவதில்லை என்று தலைவர் சொல்லி அனுப்பினார். நேரில் சொல்லவில்லை. மேடம் இருந்தது வேலை விசாவில். வேலை போனால் விசா போகும், விசா போனால் ஊரைவிட்டுப் போக வேண்டும். புது வேலை தேடித் திரும்பி வரும் வயதும் அவருக்கு இல்லை. சரோஜா அழுதாள். "எங்களாலதான் மேடம்," என்றாள். "இன்னாத்துக்கு அழுவுற? நான் சொன்னது என் வாயால," என்றார் மேடம்.

சபை கொதித்துப் போனது. எத்தனை பேருக்காகப் போய்ப் பேசியவர், அவருக்காக நாம் போக வேண்டாமா என்று எல்லாரும் கிளம்பினார்கள். போதகர், சபைச் செயலாளர், தங்கம் அக்கா, ஸ்டீபன்கூட லீவு போட்டுவிட்டு வந்தான். நான் தலைவரிடம் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் எனக்குப் பதில் என் வீட்டுக்காரர் போனார். அங்கே நடந்ததை அவர்தான் வந்து சொன்னார்.

தலைவர் எழுந்து நின்று வரவேற்றிருக்கிறார். பாதாம் பால் வந்திருக்கிறது. தான் சின்ன வயதில் மிஷன் பள்ளியில் படித்ததை, அங்கே பாடிய பாட்டை, வாங்கிய அடியைச் சொல்லியிருக்கிறார். போதகர் கண் கலங்கியிருக்கிறார். மேடத்தின் பேச்சை யாரோ மெல்ல எடுத்தபோது, "கண்டிப்பா நோடோணா" என்றிருக்கிறார். கிளம்பும்போது, "உங்க ஹால் நல்லா இருக்குமாமே, என் அண்ணன் மகளுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஃபங்ஷன், கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"தாராளமா," என்றிருக்கிறார் போதகர்.

போனது ஒரு 'இல்லை' சொல்ல. சொல்லிவிட்டு வந்தது ஒரு 'தாராளமா'. எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்காரருக்கு அன்று காபி கொடுக்கவில்லை. பாதாம் பால் குடித்திருக்கிறாரே, போதும்.

அதோடு முடியவில்லை. ஹால் சாவி இன்னும் மேடத்திடம்தானே இருந்தது? விஷயம் தெரிந்ததும் சபையில் எங்கள் எதிரிலேயே போனை எடுத்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "மேடம், இப்ப வேணாம் மேடம். அவர் மனசு மாறினாலும் மாறும்." அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுத் தலைவரிடம் பேசினார். "அன்னிக்கு ஹால் இல்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு இருக்கு." வைத்துவிட்டார். இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. போதகர் தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றார்.

இரண்டு நாளில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மேடத்தின் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். உனக்கு எல்லாம் தெரியும், நீ அனுசரித்துப் போகிறவள் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு நேராக மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சாக்ஸ்களை ஜோடி சேர்த்து உருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் முடியாதுன்னு சொல்லப் போறேன், மேடம். உங்கள அனுப்பிட்டு நான் அங்க உக்காரவா? ஒரே காரணம்தான் சொல்லுவேன். யோசிச்சு வெச்சிருக்கேன்."

"வேண்டாம்," என்றார்.

"ஏன்?"

"அந்த 'இல்லை' எனக்காக. எனக்கு வேண்டாம். நீ உட்காரலைன்னா வேற ஆள் வரும். 'ஆமாம்' சொல்ற ஆள் வரும்." ஒரு சாக்ஸுக்கு ஜோடி தேடினார். "நீ உக்காரு. உன் 'இல்லை'யை சரோஜாவுக்கு வெச்சுக்கோ."

"எனக்குச் சொல்ல வராது மேடம். நீங்க சொன்னா யாருக்கும் வலிக்காது. நான் சொன்னா..."

"வலிக்கும். மெய்யாகவே வலிக்கும். நீ உறவு இல்லையா?"

அவர் என்னை அழ விட்டார். சமாதானம் சொல்லவில்லை. அழுது முடித்ததும் பெட்டிமேல் ஏறி உட்காரச் சொன்னார். மூட முடியாமல் இருந்தது, நான் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டது.

வழியனுப்பும் ஞாயிறன்று சபையில் சால்வை போர்த்தினார்கள். அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று செயலாளர் மைக்கில் சொன்னார். "இல்லை. முழங்கால் சரியில்லை," என்றார் மேடம், அதே மைக்கில். தங்கம் அக்கா வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன்னாவது சொல்லுங்க ஆன்ட்டி," என்று கெஞ்சினார்.

"வர மாட்டேனே," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நாங்கள் யாரும் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஹால் சாவியைத் தங்கம் அக்காவின் கையில் வைத்து மூடிவிட்டு, டாக்ஸியில் ஏறிவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைவர் ஏஜென்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சரோஜா கேட் பக்கத்தில் அழும் பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. நான் இருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அடுத்த மாசத்திலேருந்து ஏஜென்சி ஆயாங்க வர்றாங்கம்மா. ஏற்பாடு பண்ணிடுங்க," என்றார் தலைவர்.

"ஆகாது சார்."

"என்னது?"

"ஆகாது சார். நம்ம ஆயாங்கதான் இருப்பாங்க."

"ஏன்?"

என்னிடம் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் பயப்படும். பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள். சரோஜாவுக்கு மகள் படிக்கிறாள். எல்லாம் தொண்டைவரை வந்து, வரிசையில் நின்று, ஒன்றை ஒன்று தள்ளின. எதை முதலில் விட்டாலும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். மேஜைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். அப்புறம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார், கோளாறு அதில் இருக்குமோ என்பதுபோல். "நோடோணா," என்று எழுந்தார்.

சரோஜா இன்றும் வருகிறாள். அடுத்த ஆண்டு விழா முடியட்டும், உனக்கும் மாலை போட்டு அனுப்பத்தான் போகிறார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். ஆனால் எனக்கு விசா கிடையாது. என்னை அனுப்பினால் தொம்மலூர்வரைதான் அனுப்ப முடியும்.

தலைவர் வந்துபோன அந்த வார ஞாயிறு மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். அவருக்குப் பின்னால் ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கால் ஆடியதையும் சொன்னேன். முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை காரணம் சொன்னே?"

"ஒண்ணுகூடச் சொல்லல, மேடம்," என்றேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.



"ஒண்ணு சொல்லியிருக்கலாம்," என்றார். "பாவம், பெரிய மனுஷன். ஒரு மரியாதைக்கு."